என் தங்கை படித்த படிப்பு

1

என் மகன் குமாருக்கு ஒன்பது வயதாகிறது. இத்தனை வருஷத்தில் அவனை நான் கை நீட்டி அடித்ததில்லை. இந்த வருஷம் அடித்தேன். பினாங்கில், எங்கள் வீட்டுச் சமையலறையில், பழுப்பு உறையில் வந்த ஒரு சர்க்கார் கடிதத்துக்காக அடித்தேன்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. எனக்குக் கடை போர்டு படிக்கும் அளவுக்குத்தான் இங்கிலீஷ் வரும். என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசிலிருந்து வர நேரமாகும். பொறுக்க முடியாமல் குமாரிடம் கொடுத்து, "என்ன எழுதியிருக்குன்னு சொல்லுடா" என்றேன்.

அவன் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தான். "திருச்சி சித்தி இங்க வர முடியாதாம்மா. அவங்க..." என்று ஒரு வார்த்தையில் நின்றான். அதற்குத் தமிழ் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரோசாக்காம்" என்றான்.

ரோசாக் என்பது மலாய் வார்த்தை. இங்கே தமிழர்களும் சகஜமாகச் சொல்வது. ரேடியோ பாடாவிட்டால் ரோசாக். சைக்கிள் ஓடாவிட்டால் ரோசாக். பழுது என்று அர்த்தம்.

"சித்தி ரோசாக்!" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தான். அறைந்துவிட்டேன்.

"நான் என்னம்மா செஞ்சேன்? பேப்பர்ல அப்படித்தான் இருக்கு!" என்று அழுதான். அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னான். "எனக்குத் திருச்சில ஒரு சித்தி இருக்காங்கன்னே இந்த வருஷம்தானே சொன்னீங்க?"

அவன் கேட்டது நியாயம். என் பிள்ளைகளிடம் என் தங்கையைப் பற்றி ஒன்பது வருஷம் வாய் திறக்கவில்லை. ஊரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் நீங்கள் எழுதிக் கேட்கிறீர்கள், அங்கே வாழ்க்கை எப்படி, கடல் எப்படி, சாப்பாடு எப்படி என்று. கடல் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இப்போது இருப்பது கோபம். அதைத்தான் எழுத முடியும்.

2

என் தங்கை பெயர் தனபாக்கியம். தனம் என்போம். எனக்கு ஏழு வயது இளையவள். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் இரண்டு அறை கொண்ட வீட்டில் குடியிருந்தோம். அப்பா மருங்காபுரிக்காரர். மழை பொய்த்த காட்டை விட்டுவிட்டு வந்து, காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மணப்பாறை. ஐந்தாவது வரை படித்தவள்.

தனம் மூன்று வயதில்தான் நடந்தாள். பேச்சு வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். சின்னக் கண்கள், குட்டை விரல்கள், பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் நாக்கு. ஆறு வயதில் நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே ஒன்றாம் வகுப்பில் அம்மா அவளைச் சேர்த்தாள். பதினோரு நாள் போனாள். பதினோரு நாளும் டீச்சர் அவளைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தார். பன்னிரண்டாம் நாள் அம்மாவைக் கூப்பிட்டு விட்டார்கள். நானும் கூட நின்றேன்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. சிரித்த முகமாகவே சொன்னார். "இதுக்கு மண்டையில ஏறாதும்மா. எதுக்கு வீணா சிலேட்டு, பலப்பம் எல்லாம்? வீட்டோட வெச்சுக்கங்க. மத்த பிள்ளைங்க படிப்பும் கெடுது பாருங்க."

"ஒரு வருஷம் பாக்கலாமே டீச்சர்" என்றாள் அம்மா.

"ஒரு வருஷம் என்ன, பத்து வருஷம் உக்காந்தாலும் இப்படியேதான் இருக்கும்."

அம்மா கும்பிட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தனத்தின் சிலேட்டை எடுத்துக் கிணற்றடிக் கல்லில் ஓங்கி அடித்தாள். அது நாலாக உடைந்தது. தனம் பயந்து அழுதாள். அம்மா அவளுடைய இரண்டு கையையும் பிடித்து விரித்துப் பார்த்தாள்.

"மண்டையில ஏறாட்டிப் போகட்டும். இதுல ஏறுதான்னு பாப்போம்" என்றாள்.

3

மணப்பாறைப் பெண்களுக்கு முறுக்கு சுற்றக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு தானாக முறுகி இறங்கும். அந்த மாவில்தான் அம்மா தனத்துக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள். ஈரத் துணியில் 'த' என்று மாவைச் சுற்றி வைப்பாள். தனம் அதன் மேலேயே விரலை ஓட்ட வேண்டும். பிறகு தானே சுற்ற வேண்டும். சரியாக வந்தால் அதை எண்ணெயில் போட்டு எடுத்துக் கையில் கொடுப்பாள். தனம் தன் எழுத்தைத் தானே கடித்துத் தின்பாள்.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? நானும் இங்கே யாரிடமாவது சொன்னால் அழகாகத்தான் சொல்வேன். பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அது அழகாக இல்லை. 'த' வருவதற்குத் தை மாதம் தொடங்கி ஆடி ஆயிற்று. 'ன' இன்னும் மோசம். அந்தச் சுழி எத்தனை தடவை போட்டாலும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். ஒரு நாள் அம்மா பொறுமை இழந்து ஜல்லிக் கரண்டிக் காம்பால் அவள் முழங்கையில் வைத்தாள் ஒன்று. மாவை அப்படியே அள்ளி முற்றத்தில் எறிந்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தனம் முற்றத்துக்குப் போய் மண்ணோடு மாவைப் பொறுக்கிக்கொண்டு வந்து அம்மா மடியில் வைத்து, "இன்னொருவாட்டி" என்றாள். அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தன் பெயரின் மூன்று எழுத்தைக் கற்க அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதற்கு மேல் எழுத்து போகவில்லை. அம்மாவும் விட்டுவிட்டாள். "பேரு எழுதத் தெரிஞ்சா போதும். இனி பொழைக்கத் தெரியணும்" என்றாள்.

பிறகு அளவு. ஆழாக்கு, உழக்கு, படி. மணலை அளப்பது, தண்ணீரை அளப்பது, கடைசியில் அரிசியை அளந்து உலையில் போடுவது. அப்பா மண்டியிலிருந்து சாயங்காலம் ஒரு கூடை வெங்காயம் கொண்டுவருவார். பெரிசு, நடு, பொடி என்று மூன்று முறத்தில் பிரிக்க வேண்டும். அழுகலைத் தனியே எடுக்க வேண்டும். இதில் தனம் எங்கள் எல்லோரையும் மிஞ்சினாள். கண்ணால் பார்க்கவே மாட்டாள். கையில் எடுத்ததும் உள்ளே அழுகியிருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்குப் பத்து வயதானபோது அம்மா பஸ் பழக்க ஆரம்பித்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட். ஒரு மாதம் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்த மாதம் பக்கத்து சீட்டில். அதற்கடுத்து, முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் யாரோ மாதிரி. ஒரு லீவு நாளில் நானும் போனேன். தனம் இரண்டு ஸ்டாப் முன்னதாக, மெயின்கார்டு கேட்டிலேயே இறங்கிவிட்டாள். நாங்களும் இறங்கி ஒரு கடை மறைவில் நின்றோம். ஜனம் அவளை இடித்துக்கொண்டு போயிற்று. ஒருத்தன் "ஏய் லூசு, தள்ளு" என்றான். அவள் வாய் கோணிக்கொண்டு அழத் தயாரானாள்.

"போய்க் கூப்பிடும்மா" என்றேன்.

"சும்மா இரு."

"அழுவுறாம்மா அவ!"

"அழட்டும். நான் செத்தப்புறம் யாரு போய்க் கூப்பிடுவா?"

அரை மணி நேரம் அப்படியே நின்றோம். பிறகு தனம் ஒரு பூக்காரியிடம் போய், "மார்க்கெட்டு பஸ்ஸு" என்றாள். பூக்காரி கையைக் காட்டினாள். தனம் ஏறினாள். நாங்கள் அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் மண்டியில் உட்கார்ந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் ஒரு பள்ளிக்கூடம் செய்திருக்கக் கூடாதா? ஒரு தெரு செய்திருக்கக் கூடாதா? சொந்தக்காரர்கள் வருவார்கள், காபி குடிப்பார்கள், எந்தக் கோயிலில் என்ன நேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தர்கூட ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்ததில்லை.

4

மற்றவர்களை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது.

எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பினாங்கில் வேலை. நல்ல இடம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பாவும் என் தாய்மாமனும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். மாமாவும் அதே மார்க்கெட்டில்தான் வாழைக்காய்க் கடை வைத்திருந்தார். "சின்னதை அன்னைக்கு மட்டும் கண்ணுல படாம வெச்சிருங்கக்கா. ரத்தத்துல இருக்குமோன்னு பயந்துருவாங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "கல்யாணம் ஒனக்கு. நீ சொல்லு மரகதம். தனம் கூடத்துல இருக்கட்டுமா, வேணாமா?"

"வேணாம்மா" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. தனத்தைப் பின்னறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டோம். போட்டவள் நான்தான். அவர்கள் வந்து சாப்பிட்டுப் பேசி முடித்துப் போக மூன்று மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரவில்லை. "சத்தம் போடாம இரு" என்று சொன்னால் சத்தம் போடாமல் இருக்க அம்மா அவளைப் பழக்கியிருந்தாள். அந்தப் பழக்கத்தை நான் இதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

கல்யாணத்துக்கும் அவளை மருங்காபுரிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படி ஒரு தங்கை இருப்பதே வீட்டுக்காரருக்கு ஒரு வருஷம் கழித்து அம்மா போட்ட கடிதத்திலிருந்துதான் தெரிந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்று கேட்டார். சொல்லியிருப்பாரா மாட்டாரா என்பது இன்றுவரை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். குமார் பிறந்தான், பிறகு பெண் பிறந்தாள். அவர்கள் வெளியே மலாயும் பள்ளியில் இங்கிலீஷும் பேசினார்கள். என்னிடம் பேச அவர்களுக்குத் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. சித்தியைப் பற்றிச் சொல்ல இப்படி நாள் தள்ளிப்போனது எனக்கு ஒரு வசதியாகத்தான் இருந்தது.

அம்மாவின் கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அப்பா இறந்த செய்தி வந்தது. பிறகு ஒரு கடிதம், முழுக்க வசவு. "இந்த கவர்மெண்டுக்குக் கண்ணு இருக்கா? அஞ்சு வருஷம் உசுரக் குடுத்து அணாக் கணக்கு பழக்கினேன். இப்ப நயா பைசாவாம். அவ திருதிருன்னு முழிக்கிறா. இனிமே படியும் கிடையாதாம், கிலோவாம். யாரைக் கேட்டு மாத்துறாங்க?" ஆறு மாதம் கழித்து இன்னொன்று: "மணலைப் பையில கட்டி ஒரு கிலோ, ரெண்டு கிலோன்னு தூக்கப் பழக்கினேன். இப்ப தராசு இல்லாமலே கையில தூக்கிச் சொல்றா. மண்டி முதலாளி அப்பா வேலை பாத்த எடத்துலயே அவளை வெங்காயம் பிரிக்க வெச்சுக்கிட்டார்."

நான் பதிலுக்கு, "சந்தோஷம் அம்மா, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதினேன்.

5

போன வருஷம் அம்மா இறந்தாள். மாமா தந்தி அடித்தார். கப்பல் பிடித்து நாகப்பட்டினத்தில் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று நான் போகவில்லை. சொந்தக்காரர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. "உன் அம்மா மனுஷி இல்லை, தெய்வம்" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதைப் படிக்கப் படிக்க உடம்பு எரிந்தது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை உதவ வேண்டியதில்லை. எவ்வளவு சௌகரியம்!

தனத்தை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரும் சரி என்றார். விண்ணப்பத் தாளில் கேள்விகள். எத்தனை வருஷம் பள்ளியில் படித்தார்? எந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரியும்? பதினோரு நாள் என்று எழுதவா? மூன்று எழுத்து என்று எழுதவா? கவுண்ட்டரில் இருந்தவர் கூட வந்த வீட்டுக்காரரிடம், "ஸ்கூல் சர்ட்டிபிகேட் இல்லேன்னா டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும்" என்றார். மாமாவுக்கு எழுதினேன். மாமா தனத்தை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் அவளிடம் பிரதம மந்திரி யார் என்று கேட்டாராம். எட்டேழு எவ்வளவு என்று கேட்டாராம். தனம் பேசாமல் இருந்தாளாம். ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சர்ட்டிபிகேட்டின் முடிவுதான் குமார் படித்த கடிதம்.

அவள் கையில் ஒரு வெங்காயத்தைக் கொடுத்துப் பார்க்கக் கூடாதா அந்த மனுஷன்? நான் அந்த ஆபீசுக்கு மூன்று தடவை போய்க் கத்தினேன். தமிழில் கத்தினேன், யாருக்கும் புரியவில்லை. வீட்டுக்காரர் போய்க் கேட்டதற்கு, மேல்முறையீடு செய்யலாம், புது சர்ட்டிபிகேட் வேண்டும் என்றார்கள். நேரே போய் நல்ல டாக்டராகப் பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கப்பல் ஏறினேன்.

6

கதவைத் திறந்தது தனம். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. இருபத்து மூன்று வயது. "வா அக்கா" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி. சோறு வடித்துப் போட்டாள். மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் வந்தாள். அப்போது விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு லீவு சொல்லு. டாக்டர்கிட்ட போவணும். அப்புறம் நீ என்கூட பினாங்குக்கு வர்ற."

"வரல."

"இங்க தனியா இருந்து என்ன பண்ணுவ?"

"வேலை இருக்கு."

"அங்க ஒனக்கு வேலையே வேணாம். நான் பாத்துக்கறேன்."

"வரல. நீ என்னைக் கேக்கவே இல்ல."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இவளுக்காக எத்தனை மாதம் அலைந்திருக்கிறேன்! "ஒனக்கு ஒண்ணும் தெரியாது தனம், சும்மா இரு!" என்று கத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு கோமளம் மாமி வந்தார். வாசற்படியில் நின்றபடி மெதுவாகச் சொன்னார்.

"அவளைப் பார்த்து ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லாதேடி குழந்தே. உங்க அம்மா போன அன்னிக்கு என்ன நடந்ததுன்னு உனக்கு யாராவது சொன்னாளா?"

யாரும் சொல்லவில்லை. மாமி சொன்னார். காலையில் அம்மா அடுப்படியில் விழுந்துவிட்டாள். தனம் அடுப்பை அணைத்தாள். அம்மா தலைக்கு ஒரு துணியை மடித்து வைத்தாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். மாமி பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தார். தனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறி மார்க்கெட்டுக்குப் போய், மாமா கடை முன்னால் நின்று, "அம்மா எந்திரிக்கல. வா" என்றாள். மாமா, "தூங்குவா, போடி. யாவார நேரத்துல வந்துக்கிட்டு" என்று விரட்டினார். அவள் போகவில்லை. வாழைத்தார்களை இறக்குகிறவர்கள் இடித்தார்கள், ஏசினார்கள். அங்கேயே நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். உச்சி வெயில் வரை. கடைசியில் வெங்காய மண்டி முதலாளி அந்தப் பக்கம் வந்து, கேட்டு, மாமாவைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கிளப்பி அனுப்பினார்.

"கதவைத் தெறந்தப்போ மூச்சு இருந்தது. டாக்டர் வந்து, கார்த்தாலயே கூப்பிட்டிருந்தா பார்த்திருக்கலாம்னார். பெருமாள் கணக்கு வேற மாதிரி இருந்துடுத்து" என்றார் மாமி.

பெருமாள் கணக்கு இல்லை. மறுநாள் மாமா கடைக்குப் போனேன். நின்றுகொண்டே கேட்டேன். "தனம் வந்து சொன்னப்போ ஏன் மாமா போகல?"

அவர் வாழைத்தாரைத் திருப்பிக்கொண்டே, "அது சொல்றத யாரும்மா நம்புவா?" என்றார்.

அது! என் தங்கை அது! கடைத்தெரு திரும்பிப் பார்க்கும்படி அவரைப் பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. பேசி முடித்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மாமா அவள் சொன்னதை நம்பவில்லை. நான் அவளைக் கேட்கவே இல்லை. அந்த விண்ணப்பத் தாளில் அவள் வயது, உயரம், மச்சம் எல்லாம் கேட்டிருந்தார்கள். வர விருப்பமா என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டரிடம் போகவில்லை. நான் இருந்த மிச்ச நாட்களில் ஒரு சாயங்காலம், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "தனம், அன்னைக்கு ஒன்னை ரூம்ல வெச்சுத் தாழ்ப்பாள் போட்டேன். ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"கோவமா?"

"கேசரி வாசனை வந்துச்சு. எனக்கு யாரும் குடுக்கல" என்றாள்.

மறுநாள் கேசரி கிண்டினேன். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

கிளம்பும் நாள் காலையில் அவள் தலை வாரி, பொட்டு வைத்து, கையில் பூட்டோடு வாசலில் நின்றாள். நான் பெட்டியோடு வெளியே வந்தால்தான் அவள் பூட்ட முடியும்.

"அடுத்த வருஷம் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வா. லெட்டர் போட்டுட்டு வா. பகல்ல வந்தா நான் இருக்க மாட்டேன். வேலைக்குப் போயிருப்பேன்."

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தாள்.